ஸ்பானிஷ் அட்ரஸ்ல புரோவின்சியான்னா மாவட்டமா, மாநிலமா?

பர்கூர்_பொண்ணு:
வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனில எக்ஸ்போர்ட் பேப்பர் பாக்கறேன். ஸ்பெயின், அர்ஜென்டினா, பெருன்னு மூணு நாட்டு அட்ரஸ் வந்திருக்குது, மூணுலயும் புரோவின்சியான்னு இருக்கு, எங்க ஃபார்ம்ல ஸ்டேட்டுக்கு ஒரு கட்டம் டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு கட்டம், எதுல போடறதுன்னே புரியல. பெருல டிஸ்ட்ரிட்டோன்னு வேற இருந்துச்சு, அத டிஸ்ட்ரிக்ட் கட்டத்துல போட்டுட்டேன். சரிங்களா?

ஓசூர்வாசி:
தப்புமா. வார்த்தை ஒண்ணு, லெவல் மூணு. அர்ஜென்டினால புரோவின்சியான்னா நம்ம மாநிலம் மாதிரி, 23 இருக்கு, கவர்னர் சட்டசபை எல்லாம் தனித்தனியா உண்டு, பியூனோஸ் அயர்ஸ் சிட்டி மட்டும் எதுலயும் சேராம தனியா நிக்கும். ஸ்பெயின்ல 50, அதுக்கு மேல 17 தன்னாட்சிப் பகுதி இருக்கறதால மாவட்டம்னு வெச்சுக்கலாம், பின்கோடு முதல் ரெண்டு நம்பரே புரோவின்சியாவ காட்டிடும், 28னா மாட்ரிட், 08னா பார்சிலோனா. பெருல மேல டெபார்டமென்டோ, அதுக்குள்ள புரோவின்சியா, அதுக்கும் கீழதான் டிஸ்ட்ரிட்டோ. நம்மூர் கணக்குல தருமபுரி, அரூர், தீர்த்தமலைன்னு இறங்கற மாதிரி. கயாவோ துறைமுகம் மட்டும் எந்த டெபார்டமென்டோலயும் வராது, அங்க போற சரக்குக்கு அந்தப் பேரத் தேடி அலையாத.

பாலக்கோடு_தக்காளி:
அண்ணா சொன்னது சரி, ஆனா அரூர் தாலுகாவோட ஒப்பிடறது எனக்கு ஒப்பல. தாலுகாவுக்கு தாசில்தார், அவர் அதிகாரி. பெருல புரோவின்சியாவுக்கும் சரி டிஸ்ட்ரிட்டோவுக்கும் சரி ஓட்டுப்போட்டு மேயர் வராரு, அதனால ஊராட்சி ஒன்றியம், ஊராட்சின்னு சொன்னாதான் பொருந்தும். இன்னொண்ணு, அட்ரஸ்ல டெபார்டமென்டோன்னு போட்டு பக்கத்துல 402ன்னு நம்பர் இருந்தா அது ஃபிளாட் நம்பர், ஊர் பிரிவே இல்ல! நான் ஒருதடவ அத ஸ்டேட்ல போட்டு பேப்பர் திரும்பி வந்துச்சு.

ஓசூர்வாசி:
ஒன்றியம்தான் சரி, ஒத்துக்கறேன். சிலிக்கு அனுப்பறவங்களும் பாத்துக்கோங்க, 2018ல பியோபியோ ரீஜியனப் பிரிச்சு நியூப்ளேன்னு புதுசா ஆக்கிட்டாங்க. சில்லான் ஊர் பழைய பேப்பர்ல பியோபியோன்னுதான் இருக்கும். 2004ல நம்ம மாவட்டம் பிரிஞ்சப்புறமும் ரொம்ப நாள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்னே லெட்டர் வந்துச்சே, அதே கததான்.

பர்கூர்_பொண்ணு:
ரொம்ப நன்றிங்க அண்ணா. பெரு பேப்பர் இன்னும் போகல, டிஸ்ட்ரிட்டோவ ஊர்ப் பேரோட சேர்த்துட்டு டெபார்டமென்டோவ ஸ்டேட் கட்டத்துல மாத்திட்டேன். அர்ஜென்டினா அட்ரஸ்ல பார்டிடோன்னு ஒண்ணு இருக்குதே, அது என்னங்க?

ஓசூர்வாசி:
நான் சொன்ன பியூனோஸ் அயர்ஸ் சிட்டி வேற, அதே பேர்ல ஒரு புரோவின்சியா இருக்கு, அதுக்குள்ள இருக்கற 135 பிரிவுக்கு அந்தப் பேரு, மத்த புரோவின்சியால அதையே டெபார்டமென்டோம்பாங்க. அத டிஸ்ட்ரிக்ட்ல போடு.