மரத்துக்கும் கல்லுக்கும் பாறைக்கும் ஒரே ‘மூட்டு’ போதுமா?

கிளிநொச்சி, தச்சுப் பயிற்றுநர் (திங்கள்)

அனைவருக்கும் வணக்கம்.

கட்டுமானக் கைப்பணி வகுப்புக்கான கைந்நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தச்சு, மேசன் வேலை, கல் தெரிவு என்று மூன்று அலகுகள். மூன்றிலும் ஆங்கிலத்தில் நிற்பது ஜொயின்ற் என்ற ஒரே சொல். முதலாம் அலகில் அது கதவு நிலையின் மூலையில், கழுந்து (ஒரு சட்டத்தின் செதுக்கிய நுனி) மற்றச் சட்டத்தின் துளைக்குள் இறங்கும் இடம். இரண்டாவதில், இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து நிரப்பும் வெளி. மூன்றாவதில், பாறையில் தானாக விழுந்த பிளவு.

மூன்றுக்கும் ‘மூட்டு’ என்றே போட்டு, வகுப்பில் ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். “மூட்டுகள் நெருக்கமாக உள்ள பாறை கட்டடக் கல்லுக்கு உதவாது” என்ற வசனம் வந்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன், “மூட்டுக் கூடினால் பலம் கூடத்தானே சேர் வேணும்? போன கிழமை நிலைக்கு அப்பிடித்தானே சொன்னீங்கள்?” என்றான். அவன் கேட்டதில் பிழையில்லை.

ஒரு சொல்லா, மூன்று சொல்லா? வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, அந்தப் பிள்ளைக்கு இலக்கண மூளை. மூள் என்பது தன்வினை, மூட்டு அதன் பிறவினை. நீள், நீட்டு போல. தீ மூண்டது, தீ மூட்டினான். சேர்த்தல் என்ற பொருளிலும் அதே வேர்தான் என்பது என் துணிபு. விறகை நெருக்கிச் சேர்த்தால்தானே தீ மூளும்? வாயைச் சேர்த்துக் கட்டினால் மூட்டை. இப்படிப் பார்த்தால் மூட்டுக்கு மூட்டியவன் ஒருவன் வேண்டும். நிலையை மூட்டியவர் தச்சர். பாறையை மூட்டியவர் யார்?

ஆகவே பாறைக்கு ‘விடர்’. மலைப்பிளவு என்ற பொருளில் சங்கப் பாட்டுகளில் தாராளமாகக் கிடக்கிற சொல். குறிஞ்சித் திணையில் புலி படுத்திருக்கும் இடம். எடுத்துத் தூசு தட்டினால் போதும்.

மரத்துக்கு நான் ‘புணர்ப்பு’ என்பேன். சொல்லோடு சொல் சேருவதற்கும் மரத்தோடு மரம் சேருவதற்கும் விதி ஒன்றே. இரண்டு சட்டத்தை வெட்டாமல் முட்டவைத்தால் இயல்பு. இரண்டிலும் பாதிப் பாதி செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றைப் படுக்கவைத்தால் கெடுதல். நடுவில் மர முளை அடித்தால் தோன்றல். நுனியைப் புறாவால் போல விரித்துச் செதுக்கிக் கோத்தால் திரிதல். நன்னூலார் உளி பிடித்தவரோ என்று எனக்கு நெடுநாளாக ஐயம்.

முல்லைத்தீவு, புவியியல் ஆசிரியை

மாஸ்ரர், உங்களிடம் படித்த மரியாதையோடுதான் எழுதுகிறேன். புணர்ப்பு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பதினோராம் வகுப்புப் பக்கம் நான் திரும்ப முடியாது. விடர் இன்னும் மோசம். விடனுக்கு, அதாவது காமுகனுக்கு, பன்மை என்று சொல்லிச் சிரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் போதும். வெடிப்பு என்றும் யாரும் கிளம்பவேண்டாம். பித்தவெடிப்பு, வயல் வெடிப்பு எல்லாம் நல்ல தமிழ்தான். ஆனால் இந்த ஊரில் அந்தச் சொல்லோடு பாடம் தொடங்கினால் பிள்ளைகளுக்கு முதலில் நினைவு வருவது பாறை அல்ல.

சொல்லுக்கு முதல் பொருளைப் பார்ப்போம். பாறை உடைந்து இரண்டு முகமும் எதிரெதிரே அப்படியே நின்றால், ஒன்று மற்றதைவிட்டு வழுக்கிப் போகாவிட்டால், அதுதான் நாங்கள் பேசுகிற சாமான். வழுக்கியிருந்தால் அது பிளவுப் பெயர்ச்சி, வேறு பாடம். ஆங்கிலத்தில் இதற்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள் என்பது வழக்கமான விளக்கம். செங்கல் அடுக்கினமாதிரி யாரோ பொருத்தி வைத்ததாக அவர்கள் கண்ணுக்குப் பட்டது. அவர்களுடைய கண்ணுக்குப் பட்டதை நாங்கள் ஏன் மொழிபெயர்க்கவேண்டும்?

பாறை ஏன் இப்படி உடைகிறது என்பதற்கும் ஒரே பதில் இல்லை. மேலே இருந்த பாரம் அரித்துப்போக, ஆழத்தில் அமுங்கிக் கிடந்த கருங்கல் நிமிர்ந்து மேற்பரப்புக்குச் சமாந்தரமாகத் தகடு தகடாகக் கழரும். எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது தூண் தூணாகப் பிரியும். வட அயர்லாந்தின் ஜயன்ற்ஸ் கோஸ்வேயில் அப்படிச் சுமார் 40,000 தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். கோடையில் முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கரிய களி காய்ந்து பலகோணமாகப் பிரிவதும் சுருக்கத்தால்தான். அங்கே நீர் போகிறது, இங்கே சூடு போகிறது.

எங்களுக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. பூநகரிப் பக்கம் சுண்ணக்கல். வவுனியாவுக்குக் கீழே கிடப்பது புவிச்சரிதவியலார் இந்த நிலத்தின் பெயராலேயே வன்னித் தொகுதி என்று அழைக்கிற உருமாறிய பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்தக் கல்லுக்குள் தண்ணீர் ஊறாது. மேலே உக்கிய படையிலும் கீழே இந்தப் பிளவுகளிலும்தான் நிற்கும். குழாய்க்கிணறு அடிக்கிறபோது பிளவைச் சந்தித்தால் தண்ணீர். பக்கத்து வளவில் அதே ஆழம் அடித்தவருக்கு வெறும் தூள்.

மன்னார், கட்டடப் பொறியியலாளர்

ரீச்சர் சொன்னதோடு முழுக்க உடன்பாடு. ஆனால் நான் நாள் முழுக்க மேசன்மாரோடு நிற்கிறவன். சைற்றில் எல்லாரும் சொல்வது ஜொயின்ற்தான். அப்படியே எழுதினால் என்ன குறை? யன்னல், கதிரை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. கூரைக்கு ஏற்றுகிற தீராந்தியும் கல் நெம்புகிற அலவாங்கும் அப்படித்தான். குவாரியில் அனுபவசாலி ஒருவர் பாறையைச் சுற்றிவந்து, மழைநீர் கறுப்பாகக் கசிந்த கோட்டைத் தேடி, அலவாங்கின் நுனியை அதில் வைத்துத்தான் முதல் அடி அடிப்பார். அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். “இதில போகும்” என்றார். அவருக்கு அது போதும்.

ஒரு விடயத்தில் மட்டும் தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும். கல்கட்டில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது பொருத்து அல்ல, இடைவெளி. செங்கல் சுவரில் வழக்கமாக 10 மில்லிமீற்றர். ஒரு வரியில் நிமிர்ந்து நிற்கிற இடைவெளிக்கு நேர்மேலே அடுத்த வரியின் இடைவெளி வரக்கூடாது. வந்தால் சுவர் அந்த வழியே பிளக்கும். அதைச் ‘சந்து’ என்றால் என்ன? எங்கள் ஊர்ப் பாதைக்கு ஒழுங்கை இருக்கிறது. ஆகவே குழப்பம் வராது. கொங்கிறீற் வெயிலில் விரிவதற்கென்று வேணுமென்றே விடுகிற வெளிக்கும் பொருந்தும். ‘விரிவு மூட்டு’ என்று எழுதுகிறார்கள். சேராமல் இருக்கத்தானே அதை விடுகிறோம்? ‘விரிவுச் சந்து’ என்றால் எங்கள் தச்சர் ஓடாவியாருக்கும் விளங்கும்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஓடாவி! அருமையான சொல். ஓடம் கட்டியவர் ஓடாவி. கடலோர ஊர்களில் படகு கட்டிய கை பின்னர் வீட்டுக் கதவுக்கும் வந்தது. இதில் ‘ஆவி’ என்ற ஈறு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். ஒரு சாரார்

மட்டுறுத்துநர்

ஐயா, மன்னிக்கவும். ஓடாவிக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். மீதியை அங்கே இட்டிருக்கிறேன், மூன்று பக்கமும் பத்திரம்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நல்லது. பொறியியலாளர் தம்பிக்கு ஒரு சொல். யன்னல் வந்தது, பலகணி போயிற்று. வந்ததை மட்டும் எண்ணுகிறீர்கள்.

ரொறன்ரோ (முன்பு துணுக்காய்), மொழிபெயர்ப்பாளர்

மாஸ்ரருக்கும் பொறியியலாளர் அண்ணைக்கும் நடக்கிற இந்தச் சண்டை வடக்கில் பழையது. 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கியபோது உடம்பின் ஒவ்வொரு எலும்புக்கும் இதே கேள்விதான் அவர் முன்னால் நின்றிருக்கும்.

மூட்டு என்பதற்கு வேரைத் தேடி நெருப்புவரை போகவேண்டாம், இடுப்பில் கட்டுகிற, கொடியில் காய்கிற சாரத்தைப் பாருங்கள். மூட்டின சாரம், மூட்டாத சாரம். இரண்டு தலைப்பையும் கொண்டுவந்து தைத்தால் மூட்டு. தச்சுக்கு அதுவே சரி.

பாறைக்கு என்னுடைய சோதனை ஒன்றுதான்: சொல் குட்டி போடுமா? தளம், தொகுதி, தூண், தகடு எல்லாவற்றோடும் ஒட்டவேண்டும். ‘பிளவு’ ஒட்டும். பிளவுத்தளம், தூண்பிளவு, தகட்டுப்பிளவு. வழுக்கியதிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘நழுவாப் பிளவு’.

முல்லைத்தீவு, புவியியல் ஆசிரியை

எனக்குச் சம்மதம். நழுவாதது என்பதுதான் வரைவிலக்கணமே. பிள்ளை சொல்லைப் பாடமாக்கினால் பாதிப் புள்ளி கையில். ஒரு சிக்கல் மட்டும். என் பழைய குறிப்புகளில் எல்லாம் ‘மூட்டு’ என்றுதான் இருக்கிறது. உயர்தரத்துக்குப் போகிற பிள்ளை அதைக் கண்டால் தடுமாறக்கூடாது.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நழுவா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், எனவே பகரம் மிகுந்தது சரி. ஓடாக் குதிரை போல. ஆனால் இது பெயரா, விளக்கமா? பூனையைப் ‘பாலைக் குடிக்கும் விலங்கு’ என்று யாராவது கூப்பிடுவார்களா? இல்லாத ஒன்றைச் சொல்லிப் பொருளுக்குப் பெயர் வைப்பது சோம்பல். விடர் இரண்டெழுத்துக்கு ஓரெழுத்துத்தான் கூட. சிரிக்கிற பிள்ளை இரண்டு நாள் சிரிக்கும், மூன்றாம் நாள் எழுதும். மூட்டுவலி என்று எழுதும்போது தீமூட்டலை நினைத்து எவரும் சிரிப்பதில்லையே.

கிளிநொச்சி, தச்சுப் பயிற்றுநர் (புதன்)

மாஸ்ரர், தச்சுப் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். பாலையோ முதிரையோ ஈரம் காயுமுன் அறுத்துப் போட்டால் குறுக்கே சுருங்கும், நீளத்தில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது. அதனால் இறுக்கி அடித்த கழுந்தும் சில மாதத்தில் ஆடும். பழைய வேலைக்காரர் பசையை நம்பவில்லை. துளைச்சட்டத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள். கழுந்தில் அதே ஓட்டையை நேருக்கு நேர் போடாமல், தோள்பக்கமாக (கழுந்து தொடங்குகிற படியின் பக்கமாக) ஒரு மயிரிழை தள்ளிப் போடுவார்கள். முளையை அடிக்க அடிக்க அது கழுந்தை உள்ளே இழுத்துத் தோளைச் சட்டத்தோடு நெருக்கிவிடும். இதைக் கைந்நூலில் விளக்க இரண்டு பக்கம் எடுத்திருக்கிறேன். இங்கே ‘புணர்ப்பு’ என்று போட்டால் விளக்கத்தை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள், தலைப்போடு நின்றுவிடுவார்கள்.

மன்னார், கட்டடப் பொறியியலாளர்

சந்துக்கு எதிர்ப்பு இல்லையென்றால் நான் ஜொயின்ற்றை விட்டுவிடுகிறேன். பேச்சில் விடமாட்டேன்.

கிளிநொச்சி, தச்சுப் பயிற்றுநர் (வியாழன்)

இந்த நேரம்வரை வந்ததை வைத்து முடித்திருக்கிறேன். மரத்துக்கு மூட்டு. கல்கட்டுக்குச் சந்து. பாறைக்குப் பிளவு, முதலில் வரும் இடத்தில் “நழுவாப் பிளவு, பாறை மூட்டு என்றும் வழங்கும்” என்று ஒரு வரி. ஆதரவு மூன்று பேர். மட்டுறுத்துநர் “எதுவானாலும் சரி, முடியுங்கள்” என்று எழுதியதையும் ஆதரவாக எடுத்துக்கொண்டேன்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

எனக்கு உடன்பாடில்லை என்பது பதிவில் இருக்கட்டும். சந்து நன்று, அதுவும் வடமொழிச் சந்தியின் மகன் என்பாரோடு பிறகு பேசுவோம். மற்றது, ‘நழுவாப்பிளவு’ என்று இடைவெளி விடாமல் சேர்த்து அச்சிடவும். பிரித்தால் அது தொடர், சேர்த்தால்தான் சொல்.