‘ஸ்லோ ஃபேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தையல் பயிற்சிப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் நிற்கிறேன். ஒன்று, ஸ்லோ ஃபேஷன். 2007இல் கேட் ஃப்ளெட்சர் எழுதிப் பரவிய சொல். குறைவாக, நன்றாக, நீண்ட நாள் உடுத்தும்படி ஆடை செய்வது என்பது கருத்து. மற்றது, ஹேண்ட் எம்பெலிஷ்மென்ட். நூலோ மணியோ ஜம்கியோ கண்ணாடியோ, நெய்து முடித்த துணிமேல் கையால் சேர்க்கும் எல்லா வேலைக்கும் பொதுப்பெயர் வேண்டும். என் மாணவிகள் எல்லாவற்றையும் ‘ஆரி ஒர்க்’ என்றே சொல்கிறார்கள். ஆரி என்பது முனையில் சிறு கொக்கி உள்ள ஊசி. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, இடக்கை அடியில் நூலைப் பிடிக்க, வலக்கை ஊசியை இறக்கி நூலை வளையமாக மேலே இழுக்கும். அந்த ஒரு வேலையின் பெயர் எல்லாவற்றுக்கும் ஆகாது.

– மு.

---

மு. அவர்களுக்கு,

‘மெல்லாடை’ போதுமே? மெல்ல என்பதில் வேகக்குறைவு இருக்கிறது.

– க.

---

க. ஐயா, மெல்லாடை என்றால் மெல்லிய துணி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘மெது’வும் சரிவராது, நம் வழக்கில் அது குறை சொல்லும் சொல்.

என் பரிந்துரை நீடுடை. நீடு + உடை, வினைத்தொகை: நீடித்த, நீடிக்கிற, நீடிக்கும் உடை. மூன்று காலமும் ஒரே சொல்லில் அடங்குகிறது. வடசொல் கலப்பும் இல்லை.

எம்பெலிஷ்மென்ட்டுக்கு, தையலைக் குறிக்கும் ‘துன்னம்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம். சிலம்பில் துன்னகாரர், அதாவது தையற்காரர், வருகிறார்கள். பொருநராற்றுப்படையில் கரிகாலன் உடை கொடுக்கும் இடத்தைப் பாருங்கள். பொருநன் உடுத்தி வந்தது ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’. வேறு வேறு நூல் புகுந்து தைத்துத் தைத்துக் கிடந்த கந்தல். அதைக் களைந்து அவன் கொடுத்தது ‘நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து, அரவுரி யன்ன அறுவை’. இழை போன வழியைக் கண்ணால் பிடிக்க முடியாத, பூவேலை நிறைந்த, பாம்புச் சட்டை போன்ற துணி. ஆகவே பூந்துன்னம்.

– செ.

---

செ. ஐயா, அந்த அடிகளைப் படித்து இரவு வெகுநேரம் விழித்திருந்தேன், நன்றி. ஆனால் அந்தப் பூ தறியில் நெய்ததா, ஊசியால் தைத்ததா? அடியில் அதற்கு விடை இல்லை. ‘துன்னல்’ வருவதோ கந்தலோடு. காஞ்சிபுரம் புடவையின் புட்டாவும் பூதான், ஆனால் அது நெசவிலேயே விழுவது. பூந்துன்னம் என்றால் என் மாணவி அகராதியைத் தேடிப் போவாள். ‘கைப்பூவேலை’ என்றால் ஊசியை எடுப்பாள்.

– மு.

---

கைப்பூவேலையில் எனக்கு ஒரு தடை. கண்ணாடி பதிப்பதும் மணி கோப்பதும் பூவா? நீலகிரியில் தோடர் பெண்கள் புத்துக்குளிப் போர்வையில் போடும் தையலை எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் போடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. பெரும்பாலும் கோடும் கட்டமும்தான். ‘மேல்வேலை’ என்றால் எல்லாம் அடங்கும்.

– வ.

---

மேல்வேலை என்றால் கொத்தனாரின் கூலிக் கணக்கு மாதிரி இருக்கிறது, வ. அம்மா. பூ என்பதை மலர் என்று மட்டும் ஏன் கொள்ள வேண்டும்? பூப்போட்ட சட்டை என்கிறோம், அதில் மாங்காய் இருந்தாலும்.

முதல் சொல்லுக்கு வருகிறேன். ஃபாஸ்ட் ஃபுட் ‘துரித உணவு’ என்று பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது. அதே வழியில் ஃபாஸ்ட் ஃபேஷன் துரித ஆடை. துரிதத்துக்கு எதிராக நாம் வாயால் சொல்வது நிதானம். ‘நிதான ஆடையாக்கம்’ என்று போடுங்கள்.

– க.

---

நிதானம் வடசொல்.

– செ.

---

துரிதமும் அப்படித்தான், ஐயா. எதிர்ச்சொல் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரட்டுமே.

– க.

---

அனைவருக்கும்,

இன்று வகுப்பில் இரண்டு ரவிக்கைகளை உள்புறம் திருப்பி மேசையில் வைத்தேன். இயந்திரத்தில் போட்டதன் பின்புறம் அடிநூல் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரிந்தது. கையால் போட்டதில் மேலே சங்கிலி, அடியில் ஒற்றைக் கோடு. நூல் முடிந்த இடங்களில் சிறு முடிச்சு. பிறகு சொற்களைப் பலகையில் எழுதினேன். கைப்பூவேலையை உடனே பிடித்துக்கொண்டார்கள். நீடுடை என்றதும் ஒருத்தி, “நீளமான கவுனா மிஸ்?” என்றாள். நிதானத்துக்கு விளக்கம் கேட்கவே இல்லை. அதனால் நிதான ஆடையாக்கம், கைப்பூவேலை என்று அனுப்பிவிட்டேன். செ. ஐயா மன்னிக்க வேண்டும்.

– மு.

---

மு. அவர்களுக்கு,

மன்னிக்க ஒன்றுமில்லை, அச்சேறட்டும். ஆனால் நீடுடையை நான் விடவில்லை. நிதானம் என்பது செய்கிறவரின் நடை. உடுத்துகிறவரின் பங்கு அதில் எங்கே? என் அம்மாவின் சுங்குடி ஒன்று வீட்டில் இருக்கிறது. கொசுவத்தில் இரண்டு இடம் இற்றுப்போய், கிடைத்த நூலால், நிறம்கூடப் பொருந்தாமல் இழையோட்டி வைத்திருக்கிறாள். அவள் எதையும் நிதானமாகச் செய்ய நேரம் கிடைத்தவள் இல்லை. சேலைதான் நீடித்தது. ‘வேற்றிழை நுழைந்த’ என்று எழுதியவரும் அப்படி ஒரு துணியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார்.

மறுபதிப்பு வரும்போது அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

– செ.