ஸ்னோ சீசனுக்கு ஜிண்டபைன் வருகிறவர்களுக்கு: வேலை, ரூம், போர்டு, சோறு

ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க விடும் 462 (வொர்க் அண்ட் ஹாலிடே) விசா இந்தியர்களுக்குத் திறந்த 2024 செப்டம்பரிலிருந்து, 'ஆஸ்திரேலியாவில் ஸ்னோ சீசன் வேலை பார்த்துக்கொண்டே ஸ்னோபோர்டிங் பழகலாமா?' என்று கேட்டுத் தம்பி தங்கைகள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு 1,000 பேர், அதுவும் குலுக்கல் முறையில் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இது குலுக்கலில் பெயர் விழுந்து, விசா கையில் வந்தவர்களுக்கு. விக்டோரியா பக்கம் ஃபால்ஸ் கிரீக், ஹாதம், புல்லர் என்று மலைகள் இருக்கின்றன. எனக்குப் பழக்கமானது நியூ சவுத் வேல்ஸ் பக்கம்தான். அதனால் மலையடிவார ஊரான ஜிண்டபைன், மேலே இருக்கும் பனிச்சறுக்கு ரிசார்ட்டுகளான த்ரெட்போ, பெரிஷர் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் பணம். சீசன் ஜூன் மாத லாங் வீக்எண்டில் தொடங்குகிறது என்று காலண்டர் சொல்லும். பனி காலண்டர் பார்த்து விழாது. பல வருடங்களில் தொடக்க வாரத்தில் மலை பச்சையாகத்தான் இருக்கும். நடுவில் பனி பீய்ச்சும் இயந்திரங்கள் போட்ட ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் பாதி ஓடாது, கூட்டம் வராது, ஆகவே ஷிஃப்டும் வராது. கேஷுவல் வேலை என்றால் 'வாரத்துக்கு 38 மணி நேரம்' என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பனி நன்றாகச் சேர்வது ஜூலை நடுவிலிருந்து, உச்சம் ஆகஸ்ட் கடைசியில். ஆக, ஜூன் முழுவதும் சம்பளமே வராவிட்டாலும் வாடகையும் சாப்பாடும் ஓடுகிற அளவுக்குக் கையில் காசு வையுங்கள். விசாவுக்குக் காட்டிய 5,000 டாலரை கூட்டாளியிடம் கைமாற்று வாங்கிக் காட்டிவிட்டு வந்திறங்கினால் ஜூனிலேயே தலைசுற்றும்.

வேலைக்கு விண்ணப்பிப்பது ஜூனில் அல்ல. பெரிய ரிசார்ட்டுகள் ஆஸ்திரேலியக் கோடையிலேயே, ஜனவரி பிப்ரவரி முதலே ஆள் எடுக்க ஆரம்பித்துவிடும். அப்போதே போட்டுவிடுங்கள். தவறவிட்டால் ஜிண்டபைன் ஊரில் கஃபே, மோட்டல், ரென்டல் கடை என்று நேரில் ஏறி இறங்கிக் கேட்கலாம், கிடைக்கும். ஆனால் வித்தியாசம் பெரியது. ரிசார்ட்டில் வேலை என்றால், சீசன் முழுவதும் லிஃப்டில் ஏற விடும் சீசன் பாஸ் பெரும்பாலும் வேலையோடு வரும். ஊரில் வேலை என்றால் பாஸை நீங்களே வாங்க வேண்டும், அது ஏறக்குறைய ஆயிரம் டாலர் சமாச்சாரம்.

வேலையை மணிக்கு எவ்வளவு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், எந்த நேரத்தில் வேலை என்று பாருங்கள். நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான். ஹவுஸ்கீப்பிங் ஷிஃப்ட் காலையில் தொடங்கி மதியம் இரண்டு மூன்று மணிக்கு முடியும். நீங்கள் போர்டை எடுத்துக்கொண்டு போய்ச் சேரும்போது பனி கஞ்சிபோல் குழைந்திருக்கும், லிஃப்டும் மூடப்போகும். கிச்சன் ஹேண்ட், பாத்திரம் கழுவும் வேலை பெரும்பாலும் மாலையில். கை ஊறிப்போகும், எண்ணெய்ப் பிசுக்கு தலைமுடிவரை ஏறும், ஆனால் காலை முழுவதும் உங்களுடையது. ஸ்னோபோர்டிங் பழகத்தான் வருகிறீர்கள் என்றால் என் ஓட்டு பாத்திரத்துக்குத்தான். லிஃப்ட் ஆபரேட்டர், அதாவது லிஃப்டி வேலை எல்லோருக்கும் ஆசை. நாள் முழுக்க வெளியில் நின்று மண்வெட்டியால் பனி அள்ளிச் சமன் செய்ய வேண்டும், மழையிலும் நிற்க வேண்டும். கூட்டம் இல்லாத நாளில் மாற்றி மாற்றி ஒரு ரன் (மேலிருந்து கீழே ஒரு சறுக்கு) அடிக்க விடுவார்கள், அது உண்மை. இன்ஸ்ட்ரக்டர் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும், அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

சம்பளம் பற்றிச் சுருக்கமாக. 2025 ஜூலை நிலவரப்படி தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். கேஷுவல் என்றால் அதற்கு மேல் 25 சதவீதம். ஒவ்வொரு ஜூலையிலும் இது மாறும். டிஎஃப்என் என்ற வரி எண்ணை வாங்கியே ஆக வேண்டும். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி, 45,000 டாலர் வருமானம் வரை. இங்கே நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. ஆகவே உங்கள் ஒரே சீசன் இரண்டு நிதியாண்டில் விழும், ஜூன் சம்பளத்துக்கும் கணக்கு காட்ட வேண்டும். சூப்பர் என்ற ஓய்வூதியச் சேமிப்புக்கு முதலாளி தனியாக 12 சதவீதம் போடுவார். நாட்டை விட்டுப் போனபின் அதைக் கேட்டு வாங்கலாம், ஆனால் 65 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் கையில் வர வேண்டும் என்பது சட்டம். 'நம்ம ஆள்தானே, கையில் காசாக வாங்கிக்கோ' என்று சொல்லும் கடை எந்த மொழிக்காரருடையதாக இருந்தாலும் வேண்டாம். தகராறு என்றால் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அலுவலகம் இருக்கிறது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டுப் பேசலாம்.

ரூம். ஜிண்டபைனில் சீசன் வாடகை கொள்ளை, அதுவும் கிடைத்தால். ஸ்டாஃப் அக்கமடேஷன் கொடுத்தால் யோசிக்காமல் எடுங்கள். பங்க் கட்டில், ஒரு ரூமில் இரண்டு பேர் அல்லது நான்கு பேர், வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அர்ஜென்டினாப் பையன் விடியற்காலை இரண்டு மணிக்கு வந்து ஹேர் டிரையரில் பூட்ஸ் காயவைப்பான், பழகிக்கொள்ள வேண்டியதுதான். வெளியில் வீடு எடுத்தால், நேரில் பார்க்காமல் பாண்ட் பணம் (அட்வான்ஸ்) அனுப்பாதீர்கள். ஹீட்டிங் என்ன வகை, டிரையிங் ரூம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஈர பூட்ஸை மறுநாள் காலையில் மாட்டுவதைப்போல் ஒரு தண்டனை கிடையாது.

பெண் பிள்ளை தனியாகப் போகலாமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். போகலாம் அம்மா, நிறையப் பேர் வருகிறார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் ரூம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள், தருவார்கள். டெல்ஸ்ட்ரா சிம் எடுக்கச் சொல்லுங்கள், மலையில் அதற்குத்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மகள் போன் எடுக்கவில்லை என்று நீங்கள் பதறுவதும் குறையும்.

உடைகள் விஷயத்தில் ஊரிலிருந்து மூட்டை கட்டி வராதீர்கள். சென்னையில் வாங்கும் 'ஸ்னோ ஜாக்கெட்' பெரும்பாலும் குளிருக்குத்தான், ஈரத்துக்கு அல்ல. ஆஸ்திரேலியப் பனி கனமானது, ஈரமானது. பாதி நாள் மழையும் சேர்ந்து பெய்யும். குளிர் ஜப்பான், கனடா அளவுக்கு இல்லை, நனைவதுதான் இங்கே எதிரி. வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட், பேண்ட், இரண்டு ஜோடி கையுறை, உள்ளே மெரினோ தெர்மல். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுக்கும். மே மாதம் ஆல்டி சூப்பர்மார்க்கெட்டில் ஸ்னோ கியர் சேல் வரும், கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கும். சால்வோஸ், வின்னீஸ் போன்ற பழைய துணிக் கடைகளிலும் நல்லது கிடைக்கும். போர்டை முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள். காசு கொடுத்து வாங்குவதானால் முதலில் பூட்ஸ் வாங்குங்கள், காலுக்குப் பொருந்தாத பூட்ஸோடு எவ்வளவு நல்ல போர்டும் வீண்.

சன்ஸ்க்ரீன் பற்றி நம்மவர்கள் யாரும் நம்புவதில்லை. 'நாம் வெயிலில் பிறந்தவர்கள்' என்பார்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வெயில் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். மூக்கின் அடிப்பக்கமும் தாடைக்குக் கீழும் தோல் உரியும், நிறம் எதுவாக இருந்தாலும் சரி. உதட்டுக்கும் பூசுங்கள். கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் முழுக்கச் சறுக்கினால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும்.

சரி, போர்டுக்கு வருவோம். த்ரெட்போவில் ஃப்ரைடே ஃப்ளாட், பெரிஷரில் ஃப்ரன்ட் வேலி, ஆரம்பக்காரர்கள் விழுந்து எழும் இடங்கள் இவை. முதல் மூன்று நாட்கள் நீங்கள் பனியில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். வால் எலும்பு வலிக்கும், நாற்காலியில் சாய்ந்துதான் உட்கார முடியும். நான்கு வயதுப் பிள்ளைகள் கைத்தடிகூட இல்லாமல் ஸ்கீயில் உங்களைத் தாண்டிப் போவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது கால் முன்னால் என்றால் கூஃபி. எது உங்களுடையது என்று தெரியாவிட்டால், யாரையாவது எதிர்பாராமல் பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லுங்கள், முதலில் முன்வைக்கும் கால்தான் பெரும்பாலும் முன் கால்.

கற்றுக்கொள்ளும்போது எல்லோரும் போர்டின் குதிகால் பக்க விளிம்பிலேயே பழகிவிடுவார்கள். மலையைப் பார்த்து நிற்கும் கால்விரல் விளிம்பு பயமாக இருக்கும், பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் ஆகஸ்டிலும் நண்டுபோல் ஒரு பக்கமாகத்தான் இறங்குவீர்கள். இரண்டாம் நாளே விரல் விளிம்பில் நின்று பாருங்கள். முழங்காலை மடக்கி, இடுப்பை முன்னே தள்ளி, பார்வையைப் போகும் பக்கம் திருப்பி, தாடையை நிமிர்த்தி. காலைப் பார்த்தால் காலடியிலேயே விழுவீர்கள். கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் மின்னல் வேகத்தில் முகம் குப்புறவோ மல்லாந்தோ அடித்துவிடும். ஆரம்பக்காரர்களுக்கு அதிகம் உடைவது மணிக்கட்டு. விழும்போது உள்ளங்கையை ஊன்றாமல் கையை மடக்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் லிஃப்ட் ஏறாதீர்கள். ஸ்டாஃப் என்றால் பாடம் சலுகை விலையில் கிடைக்கும், எடுங்கள். யூடியூப் பார்த்துப் பழகிய ஒருவரை மலையில் பார்த்தாலே தெரிந்துவிடும். காலை எட்டரைக்குப் பனி இரவில் உறைந்து கண்ணாடிபோல் இருக்கும், பத்து மணிக்குமேல் இளகும். புதியவர்களுக்குப் பத்திலிருந்து ஒன்றுவரை நல்ல நேரம்.

காப்பீடு இல்லாமல் வராதீர்கள். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். ஆம்புலன்ஸும் இலவசம் அல்ல. பாலிசியில் 'ஸ்னோ ஸ்போர்ட்ஸ்', 'ஆம்புலன்ஸ்' என்ற இரண்டு வார்த்தைகளும் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள், ஏஜென்ட் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்று சொன்னால் போதாது. வேலையில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடு உண்டு. லீவு நாளில் போர்டில் விழுந்தால் அது உங்கள் பாடு.

இனி சாப்பாடு. ஜிண்டபைனில் உல்வொர்த்ஸ் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. மலைமேல் எல்லாம் விலை அதிகம், ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கீழே வந்து வாங்கிப் போங்கள். த்ரெட்போ கிராமம் 1,365 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் பிடிக்கும், சின்ன பிரஷர் குக்கர் ஒன்றை ஊரிலிருந்து கொண்டுவருவது நியாயமான சுமை. தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாகிவிடும், வெந்நீரில் நிறுத்தி வையுங்கள். மாவு புளிக்காது என்பது எல்லோருடைய புலம்பல். ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் பொங்கிவிடும், ஓவனுக்கு வெளியே 'திறக்காதே, உயிருள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். ரூம்மேட் பீட்சா சுட 220 டிகிரி வைத்துவிட்டால் ராத்திரி நடுநிசியில் தீ அலாரம் கேட்டு எல்லோரும் பனியில் நிற்பீர்கள். கடுகு தாளிக்கும்போதும் அதே அலாரம்தான், ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள்.

கான்பராவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். அங்கே இந்திய மளிகைக் கடைகளும் டோரன்ஸில் முருகன் கோயிலும் இருக்கின்றன. ஆடிக் கிருத்திகை சீசனுக்கு நடுவில்தான் வரும், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு காரில் போய் கும்பிட்டுவிட்டு, கறிவேப்பிலையும் உளுந்தும் வாங்கி வந்துவிடலாம்.

காரைப் பற்றி. கோசியஸ்கோ தேசியப் பூங்காவின் மலைச்சாலைகளில் ஜூன் லாங் வீக்எண்டிலிருந்து அக்டோபர் லாங் வீக்எண்ட் வரை டூ வீல் டிரைவ் வண்டியில் ஸ்னோ செயின் (பனியில் வழுக்காமல் டயரில் மாட்டும் சங்கிலி) வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். செயினை வாங்கிய அன்றே வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். இருட்டில், சேற்றில் முழந்தாளிட்டு, விறைத்த விரல்களால் கொக்கியைத் தேடும்போது படம் போட்ட தாள் உதவாது. செயின் வேண்டாம் என்றால் புல்லக்ஸ் ஃப்ளாட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்கீடியூப் ரயிலில் பெரிஷர் ஏறலாம். டீசல் வண்டி என்றால் ஆல்பைன் டீசல் போடுங்கள், சாதாரண டீசல் குளிரில் கூழாகி எஞ்சின் கிளம்பாது. இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள், வைப்பரைத் தூக்கி வையுங்கள். மாலை மங்கும் நேரம் கங்காருவும், குட்டையாகக் கனத்திருக்கும் வாம்பட் என்ற விலங்கும் குறுக்கே வரும். வாம்பட் மேல் மோதினால் பாறாங்கல்லில் மோதியதற்குச் சமம்.

ரிசார்ட் பாதைக்கு வெளியே, மெயின் ரேஞ்ச் என்ற மலைத்தொடர்ப் பக்கம் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு: முதல் சீசனில் வேண்டாம். போயே தீருவேன் என்றால், ஜிண்டபைன் விசிட்டர் சென்டரில் ஆபத்தில் மீட்பவர்களுக்குச் சமிக்ஞை அனுப்பும் அவசர பீக்கன் கருவியை இலவசமாக இரவல் தருகிறார்கள், வாங்கிக்கொண்டு, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று பதிவு செய்துவிட்டுப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். அவசரத்துக்கு 000.

இரண்டாவது வருட விசாவுக்கு இந்த வேலை கணக்கில் சேருமா என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. மூன்று மாதம் குறிப்பிட்ட வகை வேலை பார்த்திருக்க வேண்டும், அது குறிப்பிட்ட அஞ்சல் குறியீடுகளுக்குள் இருக்க வேண்டும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே ஆஸ்திரேலிய உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் அந்த இடத்தின் குறியீட்டைத் தேடிப் பாருங்கள். முதலாளி 'சேரும்' என்று வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், மறுத்தால் அவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை. பேஸ்லிப்புகளை எல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள். சேராது என்றால் அக்டோபரில் மலை மூடியதும் பழத்தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான், செர்ரிப் பறிப்பு சூடு பிடிப்பது நவம்பரிலிருந்து. போர்டை விற்பதானால் செப்டம்பர் நடுவிலேயே விற்றுவிடுங்கள். கடைசி வாரத்தில் ஜிண்டபைனில் எல்லோர் கையிலும் விற்க ஒரு போர்டு இருக்கும்.