ஸ்டீம் டெக் எல்சிடியிலிருந்து ஓஎல்இடிக்கு மாறியவர்கள், கையில் எடுத்ததும் என்ன தோன்றியது?

பின்னிரவு_ஆட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கேமிங் சாதனமான ஸ்டீம் டெக், 2022இல் வந்த முதல் 64 ஜிபி எல்சிடி மாடல். அதன் உள் சேமிப்பகத்தை எஸ்எஸ்டியாக மாற்றி, கூடவே ஒரு மைக்ரோ எஸ்டி கார்டும் போட்டு இத்தனை நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பெரிய குறை எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், ஏதாவது வேண்டுமா மச்சான் என்று கேட்டார். அன்றிலிருந்து இந்த ஓஎல்இடி மாடல் மண்டைக்குள் புகுந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது.

விவரப் பட்டியல் எல்லாம் படித்துவிட்டேன். 7.4 அங்குலத் திரை, 90 ஹெர்ட்ஸ், 50 வாட்-அவர் பேட்டரி, எல்லாம் மனப்பாடம். எனக்கு வேண்டியது அது இல்லை. இரண்டையும் கையில் வைத்து விளையாடியவர்கள் சொல்லுங்கள், முதல் சில நாட்களில் உண்மையிலேயே என்ன வித்தியாசம் தெரிந்தது? 512 ஜிபி 549 டாலர், 1 டிபி 649 டாலர் என்று வந்த சாதனம், ரூபாயில் கணக்குப் போட்டால் நெஞ்சு அடைக்கிறது. வீட்டில் வேறு “அதுதான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே” என்ற கேள்வி வரும், அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

கரும்பலகை:

என்னிடம் முதலில் 256 ஜிபி எல்சிடி இருந்தது, இப்போது 512 ஜிபி ஓஎல்இடி. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆட்டங்கள் வேகமாக ஓடும் என்று நினைத்து வாங்காதீர்கள். சிப் 7 நானோமீட்டரிலிருந்து 6 நானோமீட்டருக்கு வந்திருக்கிறது, ஆனால் உள்ளே அதே நான்கு ஜென் 2 கோர்கள், அதே எட்டு ஆர்டிஎன்ஏ 2 கிராஃபிக்ஸ் யூனிட்டுகள்தான். ராமின் வேகம் 5500இலிருந்து 6400 ஆகியிருப்பதால் சில இடங்களில் நொடிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் (திரையில் வரும் படம்) கூடும், கண்ணுக்குத் தெரியாது. சைபர்பங்க் பழையதில் எங்கே திணறியதோ இதிலும் அங்கேயேதான் திணறுகிறது. வால்வும் இதை ‘டெக் 2’ என்று சொல்லி விற்கவில்லை, அந்த மட்டில் நேர்மை.

இப்போது திரைக்கு வருகிறேன். பெட்டியைப் பிரித்து ஆன் செய்து லோகோ வந்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, நல்ல திரை, அவ்வளவுதான். ஹாலோ நைட்டைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த ஆட்டம் முக்கால்வாசி இருட்டில் நடப்பது, எல்சிடியில் அந்த இருட்டு எல்லாம் வெளிறிய சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், அதுதான் அதன் நிறம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் கருப்பு கருப்பாக இருக்கிறது. அப்புறம் ஓரி அண்ட் த வில் ஆஃப் த விஸ்ப்ஸை எச்டிஆரில் (வெளிச்சமும் இருட்டும் இன்னும் விரிந்து தெரியும் முறை) போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகு பழையதைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. சாதாரண ஆட்டங்களுக்கே 600 நிட்ஸ் வெளிச்சம் வருகிறது (பழையதில் 400), எச்டிஆரில் 1000 வரை போகிறது. பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அதன் அருமை தெரியும்.

எடை 669 கிராமிலிருந்து 640க்கு இறங்கியிருக்கிறது. 29 கிராம் எல்லாம் ஒரு வித்தியாசமா என்று நானும் கேட்டவன்தான், ஆனால் படுத்துக்கொண்டு மேலே தூக்கிப் பிடித்து விளையாடுபவர்களுக்கு மணிக்கட்டு சொல்லும். ஜாய்ஸ்டிக்கின் மேற்பகுதியில் வழுக்கல் குறைந்திருக்கிறது, டச்பேடின் அதிர்வு இன்னும் துல்லியமாக இருக்கிறது, தோள் பொத்தான்கள் அழுத்த இலகுவாக இருக்கின்றன. விசிறி பெரிதாகியிருக்கிறது, அதனால் மெதுவாகச் சுற்றினாலே போதுமாக இருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்து முறைக்கமாட்டார். எனக்குத் திரைக்கு அடுத்தபடி பிடித்தது இந்த அமைதிதான், விவரப் பட்டியலில் இதற்கெல்லாம் எண் போடுவதில்லை.

குறை என்றால், இருட்டறையில் வெளிச்சத்தை ரொம்பக் குறைத்துவைத்தால் சாம்பல் நிறப் பரப்புகளில் லேசாகத் திட்டுத் திட்டாக, மணல் தூவியது போலத் தெரியும். ஓஎல்இடி திரைகளின் குணம் அது. தேடினால் தெரியும், ஆட்டத்தில் மூழ்கிவிட்டால் தெரியாது.

சிக்கனச்_சித்தன்:

எல்லாரும் புகழ்வதற்குள் ஒரு மாற்றுக் கருத்து. உங்கள் டெக் நன்றாக ஓடுகிறது, எஸ்எஸ்டியும் மாற்றிவிட்டீர்கள், அப்புறம் எதற்கு? தெளிவுத்திறன் இரண்டிலும் அதே 1280 x 800, சிப்பின் பலமும் அதேதான். அழகான திரைக்காக ஒரு முழுச் சாதனத்தின் விலையைக் கொடுக்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஸ்டீம் தள்ளுபடிக் காலத்தில் ஆட்டங்கள் வாங்கினால் இரண்டு வருடத்துக்கு வரும்.

இல்லை, புதுசாக ஒன்று வாங்கியே தீருவேன் என்றால் ஆசுஸின் ராக் அலை போன்றவற்றையும் பாருங்கள். 2023இலேயே இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக வந்துவிட்டது, 1080பி திரை, 120 ஹெர்ட்ஸ், ஃப்ரேம் ஏறி இறங்கினாலும் திரை அதோடு சேர்ந்து மாறும் விஆர்ஆர் வசதியும் உண்டு. டெக் ஓஎல்இடியில் விஆர்ஆர் கிடையாது. விண்டோஸ் என்பதால் ஆன்டி-சீட் (ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள்) பிரச்சினையும் பெரும்பாலும் வராது. வேலரண்ட், ஃபோர்ட்நைட் எல்லாம் டெக்கின் லினக்ஸ் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடாது, ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கூட 2024 அக்டோபர் கடைசியோடு லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. நண்பர்களோடு ஆன்லைனில் விளையாடுபவர் என்றால் இதை யோசியுங்கள்.

கரும்பலகை:

@சிக்கனச்_சித்தன் பணக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் ராக் அலையின் பேட்டரியும் 40 வாட்-அவர்தான், அதன் சிப் குடிக்கும் மின்சாரமோ அதிகம். சார்ஜரோடு கட்டிப்போட்ட மாதிரி விளையாட வேண்டும் என்றால் கையடக்கச் சாதனம் எதற்கு. அலை எக்ஸில் 80 வாட்-அவர் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதன் விலை வேறு ரகம். இன்னொன்று, பவர் பொத்தானை அழுத்தினால் தூங்கி, மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலேயே எழுந்து நிற்பது டெக்கில் எவ்வளவு இயல்பாக இருக்கிறதோ, அது விண்டோஸில் இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். அரை மணி நேரம் கிடைக்கும்போது எடுத்து விளையாடுபவனுக்கு அது ஃப்ரேம் ரேட்டைவிட முக்கியம்.

பின்னிரவு_ஆட்டம்:

இருவருக்கும் நன்றி. ஆன்லைன் ஆட்டம் எதுவும் நான் விளையாடுவதில்லை, எல்டன் ரிங், ஹேடிஸ், ஸ்டார்டியூ வேலி, இப்படித்தான். பாதி நேரம் ரயிலில், மீதி நேரம் எல்லாரும் தூங்கிய பிறகு. அதனால் டெக்கைவிட்டு வெளியே போகும் எண்ணம் இல்லை.

ஒரு சந்தேகம். எல்டன் ரிங் எப்படியும் முப்பது, நாற்பது ஃப்ரேமில்தான் ஓடுகிறது. அதற்கு 90 ஹெர்ட்ஸ் திரை எதற்கு? வெறும் விளம்பர எண்தானா?

ஃப்ரேம்_கணக்கர்:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் தலைவா. 90 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 90 முறை புதுப்பிக்கும், 90 ஃப்ரேமில் விளையாட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஹேடிஸ் மாதிரி இலகுவான ஆட்டங்கள் 90இல் ஓடும், வெண்ணெய் போல இருக்கும், அது ஒரு பக்கம். கனமான ஆட்டங்களில் இதன் உண்மையான லாபம் 45இல் இருக்கிறது.

ஃப்ரேம் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 30 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 33.3 மில்லிசெகண்ட், 60 என்றால் 16.7. 45க்கு 22.2. அதாவது 30இலிருந்து 60க்குப் போனால் கிடைக்கும் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு 45இலேயே கிடைத்துவிடுகிறது, ஆனால் சிப்பின் உழைப்போ 30இன் ஒன்றரை மடங்குதான், இரட்டிப்பு இல்லை. 90 ஹெர்ட்ஸ் திரையில் 45 ஃப்ரேம் ஓடும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும், அதனால் நடை சீராக இருக்கும். எல்சிடியில் திரையையே 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கி 40 ஃப்ரேமில் ஓட்டுவோமே, அதே தந்திரம்தான். ஆனால் அங்கே திரையும் 40க்கு இறங்கிவிடுவதால் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே ஒரு சோம்பல் தெரியும். இங்கே திரை 90இலேயே நிற்பதால் அந்தத் தாமதம் குறைகிறது. எல்டன் ரிங்கில் உருண்டு தப்பிக்கும் இடத்தில் இது தெரியும். ஆட்டம் எப்போதும் 45ஐப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், திறந்தவெளியில் சில இடங்களில் இறங்கும். அங்கே 30இல் வைத்தாலும் ஒவ்வொரு ஃப்ரேமும் மூன்று முறை, கணக்கு சரியாக வரும்.

பேட்டரியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. 40இலிருந்து 50 வாட்-அவர் என்பது கால் பங்கு கூடுதல், ஆனால் கையில் கிடைப்பது அதைவிட அதிகம், ஏனென்றால் புது சிப்பும் ஓஎல்இடி திரையும் குறைவாகக் குடிக்கின்றன. சிப்பின் உச்ச வரம்பு 15 வாட், அதோடு திரை, வைஃபை, விசிறி எல்லாம் சேர்ந்தால் மொத்தம் இருபதைத் தாண்டும். அந்தக் கணக்கில் கனமான ஆட்டங்களுக்குப் பழையதில் ஒன்றரை மணி நேரம் சொச்சம், புதியதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வால்வே பழையதற்கு 2 முதல் 8 மணி நேரம், புதியதற்கு 3 முதல் 12 மணி நேரம் என்கிறது. ஸ்டார்டியூ வேலி எல்லாம் அந்த மேல் எல்லைக்குப் பக்கத்தில் வரும், வெளிச்சத்தைக் குறைத்து, சிப்பின் வாட் அளவையும் கையால் இறக்கிவைத்தால். நீங்கள் ரயிலில் விளையாடுபவர், திரையைவிட இதற்காகவே நான் மாறச் சொல்வேன். பெட்டியில் சார்ஜ் பாயிண்ட் கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலை பாதியாகும்.

வைஃபை 6இ வந்திருக்கிறது, ரூட்டர் ஈடுகொடுத்தால் டவுன்லோடு வேகம் நன்றாகவே கூடும். பழைய டெக்கில் இருக்கும் மைக்ரோ எஸ்டி கார்டை அப்படியே எடுத்துப் புதியதில் செருகுங்கள், ஆட்டங்கள் தெரியும், மறுபடி இறக்கவேண்டாம்.

கடல்கடந்த_கன்சோல்:

வெளியிலிருந்து கொண்டுவருவது பற்றிச் சில விஷயங்கள், நான் தெரிந்தவர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

மைத்துனரிடம் கைப்பையில் வைத்து எடுத்துவரச் சொல்லுங்கள், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. 50 வாட்-அவர் என்பது விமானத்தில் கொண்டுபோக அனுமதிக்கும் 100 வாட்-அவருக்குக் கீழேதான், அதில் தடை ஒன்றும் இல்லை. சுங்க வரி விலக்கு வரம்பைப் பயணத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ரசீதும் கூடவே இருக்கட்டும். வால்வ் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பதில்லை என்பதால் வாரண்டியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பழுது என்றால் மறுபடி யாராவது எடுத்துப் போகவேண்டும், அல்லது நாமே திறக்கவேண்டும். திறப்பது இந்த மாடலில் சுலபம். டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) திருகுகள், அவை போய் உட்காரும் இடத்தில் உலோக மரை, பழையதில் அது பிளாஸ்டிக். ஐஃபிக்ஸிட் என்ற நிறுவனம் மூலம் உதிரிபாகங்களும் கிடைக்கின்றன, ஆனால் அதையும் வெளியிலிருந்துதான் வரவழைக்கவேண்டும்.

512 எடுக்கலாமா 1 டிபி எடுக்கலாமா என்றால், நீங்கள் ஏற்கெனவே எஸ்எஸ்டி மாற்றிப் பழகியவர், இதிலும் அதே 2230 அளவு எஸ்எஸ்டிதான், அதனால் இடத்துக்காக 1 டிபி வாங்கவேண்டியதில்லை. 1 டிபியில் கிடைக்கும் முக்கியமான கூடுதல் பிரதிபலிப்பில்லாக் கண்ணாடி. ரயில் ஜன்னல் ஓரம் அது உதவும், ஆனால் பளபளப்பான கண்ணாடியில் கருப்பு கொஞ்சம் ஆழமாகத் தெரியும் என்பது என் கண். நானாக இருந்தால் 512.

சாளரம்_நான்கு:

ஒரே ஒரு எச்சரிக்கை. ஓஎல்இடி போனைப் பார்த்தாலே கண் வலிக்கும், தலை வலிக்கும் என்பவர்கள் சிலர் இருக்கிறார்கள், அந்த ரகம் என்றால் யாரிடமாவது வாங்கிக் கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பர்ன்-இன் (ஒரே படம் நீண்ட நேரம் நின்றால் திரையில் தடம் பதிவது) பயம் எனக்கு இல்லை, ஆனால் டெஸ்க்டாப் மோடில் மணிக்கணக்கில் ஒரே டாஸ்க்பாரைக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள், அதை மறைந்துகொள்ளும்படி வைத்துவிடலாம்.

பின்னிரவு_ஆட்டம்:

512க்கே சொல்லிவிட்டேன். பேட்டரியும் விசிறியும்தான் முடிவெடுக்க வைத்தன, திரை போனஸ். எல்சிடி பையனுக்குப் போகிறது, வீட்டுக் கேள்விக்கும் அதுவே பதில், தள்ளிவிடாமல் ஏற்றுக்கொண்டார்கள். கடைசியாக ஒன்று, என் பழைய டாக் (டிவியோடு இணைக்கும் தாங்கி), உறை, ஸ்கிரீன் கார்டு எல்லாம் இதற்குப் பொருந்துமா?

கடல்கடந்த_கன்சோல்:

டாக் பொருந்தும், உறையும் பொருந்தும், வெளி அளவு கிட்டத்தட்ட அதேதான். 45 வாட் சார்ஜரும் அதையே பயன்படுத்தலாம், புதியதோடு வருவதில் வயர் இன்னும் நீளம், 2.5 மீட்டர். ஸ்கிரீன் கார்டு மட்டும் பொருந்தாது, திரை பெரிது. ஓஎல்இடிக்கு என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், அதையும் மைத்துனரிடமே சொல்லிவிடுவது நல்லது.