கிரேட்ஃபுல் டெட்: கார்னெல் 77ஐ விட்டால் எந்தப் பதிவு?

பழைய கேசட்:
அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் எது சிறந்தது என்று யாரைக் கேட்டாலும், 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம் என்றே பதில் வருகிறது. கேட்டேன். ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ எங்கே முடிந்தது என்று தெரியாமலேயே ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ தொடங்கிவிடும் இடம் அருமைதான். ஆனால் மொத்தக் கச்சேரியும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. கொஞ்சம் கசங்கிய பதிவு ஒன்றைச் சொல்லுங்கள். காரணமும் வேண்டும்.

நள்ளிரவு வானொலி:
அப்படியானால் 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலத்தின் வெனிட்டா. தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு பால்பொருள் நிறுவனத்துக்கு நிதி திரட்ட நடந்த திறந்தவெளிக் கச்சேரி அது. கொளுத்தும் வெயில் மேடையில் நேராக விழுந்ததால் கிதார்கள் சுருதியில் நிற்கவே மறுத்தன. பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்கிறார்கள். அதுவும் பதிவில் கேட்கிறது.

பிறகு ‘டார்க் ஸ்டார்’ வருகிறது. அரை மணி நேரத்துக்கும் மேல். குழுவின் இன்னொரு டிரம்மர் மிக்கி ஹார்ட் 1971இலேயே விலகிவிட்டதால் டிரம்ஸில் பில் க்ரூட்ஸ்மன் மட்டும்தான். அதனால் தாளத்தில் காற்றோட்டம் இருக்கிறது. க்ரூட்ஸ்மன் சட்டென்று விலகிக்கொண்டால் ஃபில் லெஷ்ஷின் பேஸ் கிதார் முன்னால் வந்து நிற்கும். ஜெர்ரி கார்சியா தன் கிதாரில் அதற்குப் பதில் சொல்வார். இரண்டு டிரம்ஸ் இருக்கும் கார்னெலில் இந்த இடைவெளிகள் அடைபட்டுவிடுகின்றன என்பது என் கட்சி. ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு வெனிட்டாதான் சொந்த ஊர்.

உச்சக்கட்டக் குழப்பத்திலிருந்து நேராக எங்கே போய் இறங்குகிறார்கள் தெரியுமா? ‘எல் பாசோ’! மாடு மேய்ப்பவனின் காதல் கதைப் பாட்டு. முதல்முறை கேட்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இந்தக் கச்சேரி 2013இல் ‘சன்ஷைன் டேட்ரீம்’ என்ற பெயரில் படத்தோடு வெளியானது. படத்தைக் குடும்பத்தோடு பார்க்க வேண்டாம். ஜெர்ரிக்குப் பின்னால் கம்பத்தின் மேல் ஒருவர் பிறந்தமேனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் வரிசை:
கார்னெலை இவ்வளவு சுலபமாக ஒதுக்காதீர்கள் ஐயா. அதன் புகழில் பாதி ஒலிப்பதிவாளர் பெட்டி கேண்டர்-ஜாக்சனுக்குச் சேர வேண்டியது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும்படி அவர் செய்த பதிவு, 2017இல் முறைப்படி வெளியாவதற்கு முன்பே கேசட்டுக்குக் கேசட் நகலாகி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ‘மார்னிங் டியூ’வின் கடைசி நிமிடங்களை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கார்சியா தந்திகளை வேகவேகமாக மீட்டிக்கொண்டே மேலே போகிறார். முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்துக்குப் பிறகும் போகிறார்.

நள்ளிரவு வானொலி:
‘மார்னிங் டியூ’வுக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாதிப் புகழ் பதிவுக்கு என்று! அதே பெட்டி கேண்டர்-ஜாக்சனின் கைவண்ணத்தில் அந்த மே மாதத்துக் கச்சேரிகள் இன்னும் பல கிடைக்கின்றன. அவற்றையும் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

தெருவிளக்கு:
எழுபதுகளிலேயே நின்றுவிட்டீர்களே! 1990 மார்ச் 29, நியூயார்க்கின் நாஸோ கொலிசியம் அரங்கம். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் முதல் பகுதியில் ‘பர்ட் சாங்’ வாசிக்க வந்தார். குழுவினருக்குப் பிடித்துப்போய் இரண்டாம் பகுதிக்கும் நிறுத்திக்கொண்டார்கள். ‘ஐஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பாட்டில் கார்சியாவின் சொற்றொடரை அவர் வாங்கித் திருப்பிக் கொடுப்பதைக் கேளுங்கள்.

பழைய கேசட்:
வெனிட்டாவின் ‘டார்க் ஸ்டார்’ ஓடிக்கொண்டிருக்கிறது. பதினைந்து நிமிடம் ஆகியும் பல்லவி எது என்று பிடிபடவில்லை, ஆனால் நிறுத்த மனமில்லை. அடுத்து நாஸோ. மூன்றாம் வரிசை ஐயா, ‘மார்னிங் டியூ’வை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு உங்களுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.