ஊதாப்பூச் செடி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது, அவசர உதவி தேவை

ஈரமண்:
வணக்கம். ஊதாப்பூ பூக்கிற அந்தச் செடி தோட்டம் முழுக்க வந்துவிட்டது. இரண்டு வருடமாகப் பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்துபோனது. ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் பத்து முளைக்கிறது. கத்தரிப் பாத்தியில் கால் வைக்க இடமில்லை. ஒரேயடியாக ஒழிக்க வழி சொல்லுங்கள்.

தும்பை:
எந்த ஊதாப்பூ? இலை எப்படி இருக்கும், உயரம் என்ன, கொடியா செடியா? ஒரு படம் போடுங்கள்.

களைக்கொத்தி:
தொட்டியிலா, தரையிலா? எப்படிப் பிடுங்குகிறீர்கள், கையாலா கருவியாலா?

காய்ந்த இலை:
எந்தச் செடியாக இருந்தாலும் மூடாக்குதான் மருந்து. காய்ந்த இலையை நாலு விரல் உயரத்துக்குப் போட்டுவிடுங்கள், தலைதூக்காது.

வேரடி:
பெயர்கூடத் தெரியாமல் ஒழிக்க இறங்கினால் இப்படித்தான் ஆகும். இதை இங்கே எத்தனை முறை சொல்லியாயிற்று! முதலில் செடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். காலையில் விரிந்த பூ மதியத்துக்குள் உதிர்கிறதா? காய் ஓர் அங்குல நீளத்தில், முற்றியதும் பழுப்பாகிறதா? அதில் ஒன்றை நனைத்து உள்ளங்கையில் வையுங்கள். வெடித்தால் பட்டாசுக்காய். தாவரவியலில் ரூயெல்லியா டியூபரோசா. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது. அழகுக்காக வளர்க்கப்பட்டு, பல நாடுகளில் களையாகிவிட்ட செடி.

ஈரமண்:
ஆமாம், வெடிக்கிறது! பிள்ளைகள் தண்ணீரில் போட்டு விளையாடுவார்கள். தரையில்தான் இருக்கிறது. முழங்கால் உயரம்கூட வராது.

மொட்டைமாடி:
அது கிரந்திநாயகம் அல்லவா? மருந்துச் செடியை ஏன் அழிக்கிறீர்கள்?

தும்பை:
கிரந்திநாயகம் வேறு. அது ரூயெல்லியா பேட்டுலா. பூ சிறியது, வெளிறிய நிறம்.

மொட்டைமாடி:
எங்கள் பாட்டி பட்டாசுக்காயைத்தான் கிரந்திநாயகம் என்பார். பெயர் ஊருக்கு ஊர் மாறும், அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

வேரடி:
பெயர் மாறலாம், செடி மாறாது. மருந்து என்று ஒன்றை வாயில் வைக்கும்போது பாட்டி சொன்ன பெயர் போதாது. அடையாளம் தெரிய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

மொட்டைமாடி:
பாட்டி செடியைக் கையில் எடுத்துக் காட்டித்தான் சொன்னார். படித்தவர்களுக்கு மட்டும்தான் கண் இருக்கிறதா?

தும்பை:
இருவருமே சண்டையை நிறுத்துங்கள். நனைந்தால் வெடிப்பது இந்தக் குடும்பத்தில் பல செடிகளுக்கு உண்டு. கனகாம்பரக் காயும் அப்படித்தான். அதனால் வெடிப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், வேரில் கிழங்கு இருக்கிறதா என்றும் பாருங்கள் ஈரமண்.

ஈரமண்:
வேரை முழுசாகப் பார்த்ததே இல்லை. பெரும்பாலும் தண்டோடு அறுந்து வந்துவிடும். மண் இளகட்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் ஹோஸில் நன்றாகத் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் பிடுங்குகிறேன்.

களைக்கொத்தி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் வெடிக்கும், விதை சில அடி தள்ளிப் போய் விழும். ஒரு காயில் இருபதை ஒட்டி விதை இருக்கும். நனைந்த விதையைச் சுற்றிப் பசை போல ஊறும், செருப்பிலும் பூனைக் காலிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போகும். நீங்களே முதல் நாள் விதைத்துவிட்டு மறுநாள் பிடுங்குகிறீர்கள்.

வரிசையை மாற்றுங்கள். வெயில் ஏறி, பனி காய்ந்த பிறகு, காய்களை மட்டும் உலர்ந்தபடியே பறித்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பச்சைக் காயையும் விடாதீர்கள். அப்புறம் தண்ணீர் விடுங்கள். மறுநாள் செடிக்கு ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தை இறக்கி நெம்புங்கள். சுண்டுவிரல் போல வெளிறிய கிழங்குகள் கொத்தாக வரும், இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். அதை மண்ணில் விட்டுவிட்டால் திரும்பத் தழைக்கும்.

காய்ந்த இலை:
நான் சொன்ன மூடாக்கு?

களைக்கொத்தி:
விதைக்கு உதவும் அண்ணா. கிழங்கு அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். தோண்டிய பிறகு போடலாம்.

புதுத்துளிர்:
இவ்வளவு பாடு எதற்கு? கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் முடிந்தது. இல்லை என்றால் உப்புத் தண்ணீர்.

தும்பை:
கத்தரிப் பாத்தியிலா? கிளைபோசேட் களை, பயிர் என்று பார்க்காது. உப்பு மண்ணையே கெடுத்துவிடும். ஈரமண், இன்னொன்று. பூவையே காணோமே என்று நினைத்து ஏமாறாதீர்கள். விரியாத மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் காய் பிடிக்கும் பழக்கம் இதற்கு உண்டு. இலைக் கக்கத்தைப் பார்த்துத்தான் பறிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் முழுசாக ஒழிக்க வேண்டாம். வேலியோரம் நாலு செடி இருக்கட்டும். சில பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் இந்த இலையைத் தின்று வளர்கின்றன. அதிகாலையில் அந்த ஊதா நிறத்துக்கு ஈடு எதுவும் என் தோட்டத்தில் இல்லை.

வேரடி:
நாலு செடி அடுத்த வருடம் நாற்பது. காயை வாரம் தவறாமல் பறிக்க முடிந்தால் மட்டும் வையுங்கள்.

ஈரமண் (ஆறு வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும். டப்பா நிறையக் காய் பறித்தேன், கிழங்கும் இருந்தது. பாத்தியில் முளை இன்னும் வருகிறது, ஆனால் கத்தரி தெரிகிறது. வேலியோரத்தில் ஐந்து செடி விட்டிருக்கிறேன். காயைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன், வாளித் தண்ணீரில் போட்டு வெடிக்க வைக்கிறார்கள்.

களைக்கொத்தி:
நல்லது. அந்த வாளித் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்?