புதுப்பிப்பு: 'கொ' திருத்தம் ஏற்கப்பட்டது

பைத்தான் நிரல்மொழிக்கான நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்று, பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு 'கொடி'களை வெவ்வேறு சொற்களாக எண்ணுகிறது என்று இந்த இழையில் எழுதியிருந்தேன் அல்லவா? நான் அனுப்பிய திருத்தம் நேற்று மூல நிரலில் சேர்ந்துவிட்டது.

காரணம் பலர் ஊகித்ததுதான். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி (NFC) என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். பைத்தானிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

திருத்தம் சில வரிகள்தான், சோதனைகள்தான் நீண்டன. சோதனை இல்லாமல் ஒரு வரியையும் சேர்க்க மாட்டேன் என்று நூலகத்தின் பராமரிப்பாளர் பிடிவாதமாக நின்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டு எழுதிய சோதனையில்தான் அடுத்த சிக்கல் அகப்பட்டது. 'கௌ' என்பதைக் கொம்போடு ளகரம் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சி அதைக் கண்டுகொள்ளாது. அதற்கு அது வெறும் 'கெள'. நாமாகக் கண்மூடித்தனமாக எல்லா 'கெள'வையும் 'கௌ' ஆக்கினாலோ 'கெளுத்தி' என்ற சொல்லும் சிதைந்துவிடும், கெளுத்தி மீன் செத்தது!

ஆகவே அதை இந்தத் திருத்தத்தில் சேர்க்கவில்லை. நூலகத்தின் சிக்கல் பட்டியலில் தனியாகப் பதிந்திருக்கிறேன். ஔகாரச் சொற்களின் பட்டியல் கைவசம் உள்ளவர்கள் அங்கே இணைத்தால் உதவியாக இருக்கும்.